பதினேழு சீட்டு ஆழம்

திங்கட்கிழமை காலை. பாலிஷ் போடுகிற மிஷினை லிஃப்டில் ஏற்றியதும் அதில் ஒரு குடை வைக்கக்கூட இடமில்லாமல் போய்விட்டது. அதனால் சின்னு மூன்று மாடியும் படியேறித்தான் வந்தாள். வீட்டில் கடைசிப் பெண் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது முப்பத்தொன்பது வயது, காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. பெயர் மட்டும் வளரவே இல்லை.

கதவு முன் நின்று கைப்பையைத் துழாவினாள். சாவிக்கு முன்னால் காகிதம்தான் கையில் வந்தது. நான்காக மடித்த காகிதம். 'எங்கள் சகோதரி பதினொரு வருடங்களுக்கு முன் தன் சொந்த விருப்பத்தின்பேரில் வீட்டை விட்டுப் போய்விட்டார். அதன்பின் எந்தத் தகவலும் இல்லை' என்று டைப் அடித்திருந்தது. கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டாயிற்று. பக்கத்தில் சின்னுவுக்காக ஒரு வெறும் கோடு. வெள்ளிக்கிழமை இந்த வீடு கைமாறுகிறது. அதற்குள் அந்தக் கோட்டின்மேல் அவள் பெயர் ஏறியாக வேண்டும்.

போடுவதில் என்ன தயக்கம்? அக்கா போனது போனதுதானே. ஆனாலும் ஒரு வாரமாகக் காகிதம் பையிலேயே கிடக்கிறது, பேனாவும் அதே பையில்தான் கிடக்கிறது, இரண்டும் சேர்ந்தபாடில்லை.

அக்காமேல் அவளுக்கு இருந்தது சாதாரணக் கோபம் இல்லை. அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டவள் அக்கா. பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் அக்கா. சின்னு தன் விருப்பப்படி ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றபோது அண்ணன் குதியாய்க் குதித்தான். அக்கா மட்டும்தான் பக்கத்தில் வந்து நின்றாள். "புதன்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நான் நிப்பேன்டி. உன் பக்கத்துக் கையெழுத்து என்னுது. வரலைன்னா என்னை அக்கான்னே கூப்பிடாதே."

வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. வழியில் போன யாரோ ஒருவரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வாரம் அண்ணன் ஒரு கடிதத்தோடு வந்தான். 'என்னைத் தேடாதீர்கள், எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும்' என்று இரண்டே வரி. "பாத்தியா? உன்னை விட்டுட்டுப் போயிட்டா. நான் இருக்கேன்டா உனக்கு" என்று தலையைத் தடவினான். அன்றிலிருந்து அண்ணன்தான் எல்லாம். அன்றிலிருந்து சின்னு அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அக்கா என்று.

கதவு திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை வந்தது. அதோடு கலந்து இன்னொன்றும் வந்தது. மருந்துவாடை. சின்னு மூக்கைச் சுளித்துவிட்டு உள்ளே போனாள்.

பாலிஷ்காரருக்கு ஊரெல்லாம் 'கண்ணாடி' என்று பெயர். அவர் தேய்த்த தரையில் முகம் தெரியும். மனுஷர் குச்சி மாதிரி இருப்பார், வாயைத் திறக்கமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசுவாள்.

"எல்லார் வீட்டுத் தரையிலயும் இவருக்கு முகம் தெரியும்மா. அதுல தன் மூஞ்சிய ஒரு தடவை பாத்திருந்தா ஷேவ் பண்ணியிருப்பாரு."

கண்ணாடி காதிலேயே வாங்கவில்லை. ஹாலில் செருப்பு அலமாரியை நகர்த்திவிட்டு, அது இருந்த மூலையில் மண்டிபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மங்கலாக, பாலிஷ் படாமல் கிடந்தது.

"இந்தத் தரை நான் பண்ணது" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒவ்வொரு ரூம்லயும் ஒரு மூலையில இவ்ளோ இடம் தொடாம விட்டுருவேன். கல்லோட பழைய உயரம் அது. அளவுன்னு சொல்வோம். அடுத்து யார் வந்தாலும், எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு அதை வச்சுத்தான் பாக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "பதினொரு வருஷம் இருக்கும். ஒரு அம்மா இருந்தாங்க. மூச்சு இழுப்பு உண்டு. தங்கச்சி கல்யாணம் ஆகி மாப்பிள்ளையோட வரப்போறா, வீடு பளபளன்னு இருக்கணும்னாங்க."

சின்னு ஜன்னலைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். இது அவளுக்குத் தெரியாது. தனக்காகத் தரை பாலிஷ் போட்டவள், ஒரு கையெழுத்துப் போட ஏன் வரவில்லை?

ஹாலில் பெரிய சேதம் இல்லை. கண்ணாடி சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்தார். ஆறடி அலுமினியக் கட்டையைத் தரையில் படுக்க வைத்து, அடியில் தெரிகிற இடைவெளியில் விளையாட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சொருகினார். அதுதான் அவருடைய அளவுகோல்.

"ஒரு சீட்டு. வீடுன்னா ஒண்ணு, ரெண்டு. கூட்டம் நடக்கிற பழைய ஆபீஸ் வாசல்னா நாலு, அஞ்சு. நான் பாத்ததுல அதிகம் ஒன்பது. அது ரயில்வே ஸ்டேஷன்."

அப்புறம் சின்ன அறைக்குப் போனார்கள். அக்காவின் அறை. ஒரு கட்டில் போட்டால் மிச்சம் நடக்கத்தான் இடம் இருக்கும். கட்டில் இப்போது இல்லை. கண்ணாடி ஒரு டார்ச்சை ஏற்றித் தரையோடு தரையாகப் படுக்க வைத்தார். வெளிச்சம் கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போனது.

நடுவில் ஒரு நிழல் கிடந்தது.

ஜன்னலிலிருந்து கதவு வரை, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, கல் குழிந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் தேய்த்த பாறை மாதிரி. கதவுக்கு முன்னால், உள்பக்கம், இரண்டு தனிக் குழிகள். இரண்டு பாதம். விரல்கள் கதவைப் பார்த்து.

கண்ணாடி கட்டையைப் போட்டுச் சீட்டுகளைச் சொருக ஆரம்பித்தார். ஐந்து. ஒன்பது. பன்னிரண்டு. அவர் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள்.

"பதினேழு" என்றார். "நான் போனப்புறம் இங்க யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லை. அண்ணன் அப்பவே வேற வீட்டுக்குப் போயிட்டார். அப்பலேர்ந்து பூட்டித்தான் கிடக்கு."

"பதினொரு வருஷத்துல வெறுங்கால் பட்டு இந்த ஆழம் வராதும்மா. நூறு வருஷத்துலயும் வராது. நிக்காம நடக்கணும். ராத்திரி பகல் நடக்கணும்."

"இங்க பாருங்க" என்றாள் அவர் மனைவி. அவள் கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்டுக்கு அடியில் மக்கு வைத்து அடைத்த எட்டு சின்ன ஓட்டைகள். "தாழ்ப்பாள் இருந்திருக்கு. ரூமுக்கு உள்ள போடுவாங்க, சரி. வெளியில யாராச்சும் போடுவாங்களா?"

சின்னு அண்ணனுக்குப் போன் செய்தாள். "அண்ணா, அக்..." என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டு, "அந்தச் சின்ன ரூம் தரை ரொம்பக் குழிஞ்சிருக்கு" என்றாள்.

அண்ணன் குரல் தாழ்ந்தது.

"அது மட்டமான கல்லுடா. முதல்ல அந்த ரூமைச் சமமாக்கச் சொல்லு. வாங்கறவங்க பாத்தா ஏதாவது சொல்வாங்க."

"கதவுக்கு வெளியில தாழ்ப்பாள் இருந்த மாதிரி..."

"பூனை உள்ள போகுதுன்னு போட்டது. நீ எதுக்கு அதையெல்லாம் நோண்டறே? வியாழக்கிழமை நாலு மணிக்கு வரேன். அந்தப் பேப்பரைத் தயாரா வச்சிரு."

அவர்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் பூனை வந்ததில்லை. அக்காவுக்குப் பூனை முடி பட்டால் மூச்சு இழுக்கும் என்று ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தவனே அண்ணன்தான்.

செவ்வாய்க்கிழமை முழுக்கச் சின்ன அறையில் மிஷின் ஓடியது. குழியைத் தூர்க்க முடியாது. மூலையிலிருக்கும் அளவை மட்டும் விட்டுவிட்டு, குழியின் ஆழத்துக்கு மொத்தத் தரையையும் இறக்கத்தான் முடியும். தண்ணீரும் கல்பொடியும் கலந்து பால் மாதிரி ஓடியது. கண்ணாடியின் மனைவி அதை வழித்து வழித்து வாளியில் ஊற்றினாள்.

"வெண்ணெய் மாதிரி தேயுதும்மா. மூணு நாள் வேலை ஒரு நாள்ல முடியுது. கல்லு இப்படிக் கொடுக்காது" என்றார் கண்ணாடி. கல்லைப் பற்றி என்றால்தான் அவர் வாய் திறக்கும்.

சாயங்காலம் கட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சீட்டுகூட நுழையவில்லை. சமம். ஹாலைவிட அறை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது, வாசலில் கால் தடுக்கியது, அவ்வளவுதான். சின்னு தானே கதவைப் பூட்டினாள்.

புதன்கிழமை காலை அவளே பூட்டைத் திறந்தாள்.

குழி திரும்ப வந்திருந்தது.

அதே பாதை. அதே இரண்டு பாதம். கண்ணாடி சீட்டுகளைச் சொருகினார். பதினேழு.

அவர் மனைவி உள்ளே வரமாட்டேன் என்று ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பொழைப்புக்குக் கல்லு தேய்க்கலாம். யாரோ நடந்ததைத் தேய்க்கலாமாங்க?" கண்ணாடி, ஒரு நாள் வேலை மிச்சம் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு மிஷினை ஓடவிட்டார். பகல் பன்னிரண்டு மணி இருக்கும், வெயில் அறை முழுக்க அடித்தது. மிஷினுக்கு அடியில் தேய்ப்புக் கல்லை மாற்றுவதற்காக அதை அணைத்தார். சக்கரம் சுற்றிச் சுற்றி மெதுவாக நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

விசில் மாதிரி ஒரு இழுப்பு. மெல்லிசாக. உள்ளே இழுக்கிறது, நடுவில் சிக்குகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது.

கண்ணாடி மிஷினின் வயரையே சுவரிலிருந்து பிடுங்கினார்.

இழுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்புறம் அடிகள். ஈரத் தரையில் வெறுங்கால் வைக்கிற சத்தம். ஜன்னலிலிருந்து கதவுக்கு ஏழு அடி. நின்றது. திரும்ப ஏழு அடி. பால்போல் தேங்கிய கல்பொடித் தண்ணீரில் ஒரு சுவடும் விழவில்லை. சத்தம் மட்டும் நடந்தது.

 இந்தச் சத்தம் சின்னுவுக்குத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே ஏழு அடிகளை அவள் கேட்டிருக்கிறாள்.

யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவரிடம்கூட. கல்யாணத்துக்கு மறுநாள் வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏன் வரலை என்று கேட்டே தீருவது என்று வந்தாள். ஒன்பது தடவை மணி அடித்தாள். யாரும் திறக்கவில்லை. எதிர்வீடு அப்போது காலி, கேட்க ஆளில்லை. கதவில் காதை வைத்தாள். உள்ளே எங்கோ யாரோ நடக்கிறார்கள். ஏழு அடி போகிறார்கள், நிற்கிறார்கள், வருகிறார்கள். "அக்கா!" என்று கத்தினாள். அடிகள் நின்றன. எதையோ மெதுவாகத் தட்டுகிற மாதிரி சத்தம். அவ்வளவுதான். ஒரு வார்த்தை வரவில்லை.

உள்ளே இருந்துகொண்டே திறக்காமல் இருக்கிறாள் என்று சின்னு நினைத்துவிட்டாள். அக்கா அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டாள், முகம் காட்ட வெட்கம், என்று நினைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவள் கைப்பையில் இந்த வீட்டுச் சாவி இருந்தது. "எப்ப வேணாலும் வா" என்று, கல்யாணச் சண்டையில் அவள் வீட்டை விட்டுப் போனபோது அக்காவே கொடுத்த சாவி. திறக்காதவள் வீட்டை நானே திறந்துகொண்டு போவதா என்று ரோஷம். படியிறங்கிப் போய்விட்டாள்.

இப்போது புரிந்தது. அடிகள் நின்றது பதில் சொல்லாமல் இருக்க இல்லை. அறைக்கதவுக்குப் பின்னால் வந்து நிற்க. அந்த இரண்டு பாதக்குழி. கூப்பிடுவதற்கு மூச்சு இல்லை.

புரிந்தது என்றால், புரியக் கூடாது என்று மனசு கதவைச் சாத்திக்கொண்டது. இது உண்மையாக இருந்தால் அண்ணன் யார்? அதைவிட, அன்றைக்கு வாசலில் சாவியோடு நின்றவள் யார்?

"தேய்ச்சிருங்க" என்றாள் கண்ணாடியிடம். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இன்னொரு தடவை இறக்கிச் சமம் பண்ணிருங்க. அந்த மூலையில விட்டிருக்கீங்களே, அளவு, அதையும் சேர்த்து."

"அம்மா, அது இருந்தாத்தான் எவ்வளவு போச்சுன்னு தெரியும்."

"தெரிய வேண்டாம்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ கறையைத் தேய்த்தவர். இந்த மாதிரி ஒரு பார்வை பார்க்கும்படி அவரை யாரும் வைத்ததில்லை. அப்புறம் வயரைச் சொருகினார். அறையை இறக்கிவிட்டுக் கடைசியாக மூலைக்குப் போய், கைமிஷினால் அந்த உள்ளங்கை இடத்தை அரைத்தார். அரைத்து முடித்தபோது இழுப்புச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ வாயைப் பொத்தின மாதிரி.

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் சின்னுவுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை மூன்றரைக்குள் கடைசிப் பாலிஷும் முடிந்தது. குழி திரும்பவில்லை. மேல் கூரையும் ஜன்னலும் தரைக்குள் தலைகீழாகத் தொங்கின. கண்ணாடியும் மனைவியும் மிஷினை இறக்க லிஃப்டுக்குப் போனார்கள். போகும்போது அந்த அம்மாள் சின்னுவின் கையைப் பிடித்து, "சீக்கிரம் வெளிய வந்துடுங்க" என்று மட்டும் கிசுகிசுத்தாள்.

நாலு மணிக்கு அண்ணன் வந்தான். எப்போதும்போல் மழுங்கச் சவரம், பவுடர் வாசனை.

"அடேயப்பா! தரையா இது? கால் வைக்கவே கூசுதே." ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான். "இந்தா, புதுப் பேனா. உனக்குன்னே வாங்கினேன். போடு பாக்கலாம்."

சின்னு காகிதத்தை எடுத்து மடியில் விரித்தாள். கோடு காலியாக இருந்தது. பேனா மூடியைத் திறந்தாள்.

"நீ போட்டுக்கிட்டே இரு. நான் அந்த ரூமை ஒரு பார்வை பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போனவன் வாசலில் தடுக்கினான். "என்னடா இது, பள்ளமா இருக்கு?"

சின்னு தலையைத் தூக்கவில்லை. ஹால் தரையில் சின்ன அறையின் கதவு பிரதிபலித்தது. அதைத்தான் பார்த்தாள்.

நிஜக் கதவு விரியத் திறந்திருந்தது. தரைக்குள் தெரிந்த கதவு மூடியிருந்தது.

அதில் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று, புத்தம்புதுசாக, போட்டிருந்தது.

நிஜக் கதவு மெதுவாக அசைந்தது. காற்று இல்லை. பிரதிபலிப்போடு ஒத்துப்போகிற மாதிரி, தானாக வந்து சாத்திக்கொண்டது.

"ஏய் சின்னு, விளையாடாதே" என்றான் அண்ணன் உள்ளேயிருந்து. சிரிப்புக்கூட இருந்தது அந்தக் குரலில். அவள் போனைப் பார்த்தாள். நாலு மணி ஆறு நிமிடம்.

"நான் சாத்தலை அண்ணா."

கதவு தடதடவென்று ஆடியது. "திற. திறடா. இங்க... இங்க யாரோ மூச்சு விடறாங்க."

ஏழு அடி. நின்றது. ஏழு அடி.

சின்னு எழுந்து கதவருகில் போனாள். பதினொரு வருடமாகச் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"அக்கா எங்க?"

"என்ன கேள்வி இது? முதல்ல திற!"

"அக்கா எங்க அண்ணா?"

 அப்புறம் வந்த குரல் கரகரத்திருந்தது, ஒரு நாள் முழுக்கக் கத்தின குரல் மாதிரி. "ஒரே ஒரு நாள்னுதான் தாழ்ப்பாள் போட்டேன். புதன்கிழமை அவ வரலைன்னா நீ கலங்கிப்போய்த் திரும்பி வந்துடுவேன்னு. வேலையா வெளியூர் போனேன். போன இடத்துல ரோடு மூடிட்டாங்க. வர நாலு நாள் ஆயிடுச்சு."

"அவ மருந்து?"

"ஹால்ல இருந்துச்சு." இப்போது குரல் இன்னும் வறண்டிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிற சத்தம் கேட்டது. "கதவுக்குப் பின்னாடிதான் கிடந்தா. மூச்சு இல்லை. ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு வந்தேன். பேர் சொல்லலை. யாரோன்னு எழுதிக்கிட்டாங்க."

"அந்த லெட்டர்?"

"நான் எழுதினது."

பதினொரு வருடம். அவன் கை தன் தலையைத் தடவின பதினொரு வருடம். அந்தக் கையால் எழுதின இரண்டு வரியை நம்பி, தலை பின்னிவிட்ட கையை வெறுத்தாள்.

"தண்ணி" என்றது உள்ளேயிருந்து. அது அண்ணன் குரல் மாதிரியே இல்லை. "சின்னு... தண்ணி..."

அவள் கதவில் உள்ளங்கையை வைத்தாள். வழவழப்பான பெயிண்ட்தான் இருந்தது. ஆனால் கைக்குக் கீழே ஜில்லென்று பித்தளை தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத தாழ்ப்பாள். இழுத்தால் போதும்.

அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டால் பத்து எண்ணுகிற நேரம். அதற்குள் உள்ளே அடிகள் நின்றுவிட்டன.

இழுத்தாள்.

கதவு திறந்தது. அண்ணன் தரையில் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. காலையில் மழித்த முகத்தில் நாலு நாள் தாடி. உள்ளங்கால் இரண்டும் தோல் தேய்ந்து சிவந்திருந்தன. அவன் கிடந்த கல் ஜன்னலிலிருந்து கதவு வரை குழிந்திருந்தது.

போனில் மணி நாலு ஒன்பது.

"நாலு நாளா தட்டறேன்" என்றான். "ஏன் திறக்கலை?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் அவள் புடவை நுனியைப் பிடித்துக் கிட்டே இழுத்தான். காதோடு காதாகச் சொன்னான்.

"அவ என்னை ஒரு வார்த்தை திட்டலை சின்னு. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. சாவி அவகிட்டதானே இருந்துச்சு, சாவி அவகிட்டதானே இருந்துச்சுன்னு."

ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர், இவர் எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டார்.  அந்தக் காகிதத்தில் கையெழுத்து ஏறவே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் வேறொரு காகிதத்தில் போட்டாள். அதில் தான் ஒன்பது தடவை மணி அடித்ததையும், பையில் சாவி இருந்ததையும் எழுதச் சொன்னாள். எழுதிக்கொண்டவர், "அது இதுக்குத் தேவையில்லைம்மா" என்று சொல்லிவிட்டார்.

வீடு விற்கவில்லை. பூட்டியிருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. சின்னு வேலை முடிந்து தன் வீட்டுக்குத் திரும்பினாள். கணவர் வர ஏழு மணி ஆகும், வீட்டில் யாருமில்லை. நாலு மணி இருக்கும். சாவியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே யாரோ நடந்தார்கள். ஏழு அடி. கதவுக்கு நேர்பின்னால் வந்து நின்றார்கள்.

மெல்லிசாக ஒரு இழுப்பு.

"அக்கா, இதோ, இதோ திறந்துட்டேன்" என்று பூட்டுத் துவாரத்தில் சாவியைத் திணித்தாள். அவசரத்தில் ஒரு தடவை கீழே விழுந்தது, எடுத்துத் திறந்தாள். ஒருத்தரும் இல்லை. மருந்துவாடை மட்டும்.

கண்ணாடியைக் கூப்பிட்டாள். மறுநாளே வந்தார், மனைவியோடு. வாசல் மிதியடியை நகர்த்திவிட்டு டைல்ஸின்மேல் கட்டையைப் போட்டார். அந்த அம்மாள் அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை.

"ஒரு சீட்டு" என்றார். "வீடுன்னா அவ்வளவு இருக்கும்மா. ஒண்ணுமில்லை."

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்து பார்த்தார். இரண்டு சீட்டு. கட்டையையும் சீட்டுக்கட்டையும் அவளிடமே கொடுத்துவிட்டு, இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை சின்னு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கதவை விரியத் திறந்துவைத்து, வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாலு மணிக்கு, உள்ளேயிருந்து ஏழு அடிகள் வந்து, திறந்த கதவின் முன்னால் நின்றன. வெளியே போகவில்லை.

கட்டையைப் போட்டு அவளே சொருகிப் பார்த்தாள்.

மூன்று.